கழுத்துக் கட்டி: பாதியா, முழுதா, பொறுத்திருப்பதா?

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வயது 41. ஆறு மாதத்துக்கு முன் உடன் வேலை செய்யும் டீச்சர்தான், "தண்ணி குடிக்கும்போது உங்க கழுத்துல ஏதோ ஏறி இறங்குதே" என்றார். ஸ்கேனில் வலப்பக்கம் 2.8 செ.மீ. கட்டி, டை-ராட்ஸ் 4 என்று வந்தது. டி.எஸ்.எச். 2.1. ஊசி டெஸ்டில் 'ஃபாலிகுலர் நியோபிளாசம், பெதஸ்டா 4'. வலி இல்லை, விழுங்கச் சிரமம் இல்லை. ஒரு டாக்டர் தைராய்டை முழுதாக எடுக்கச் சொல்கிறார், இன்னொருவர் பாதி போதும் என்கிறார். "கத்தி பட்டா பரவிடும், வேணாம்" என்கிறார் மாமியார். பெங்களூரில் இருக்கும் தம்பி, கொரியாவில் தேவையே இல்லாமல் ஆபரேஷன் செய்தார்கள், ஜப்பானில் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை அனுப்பினான். ஊசியால் சூடு வைத்துக் கரைப்பதாக ஒரு விளம்பரமும் பார்த்தேன். கணவர் துபாயில். மகளுக்கு மார்ச்சில் ப்ளஸ் டூ பரீட்சை. முட்டைக்கோஸை விட்டுவிட்டேன், வீட்டில் இந்துப்புக்கு மாறிவிட்டோம். குரல் போய்விடுமோ என்பதுதான் என் பெரிய பயம். உங்கள் கூடப்பிறந்த அக்காவுக்கு இப்படி இருந்தால் என்ன சொல்வீர்கள்?

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் அக்காவாக இருந்தால், "வலப்பாதியை மட்டும் எடுத்துக்கொள். ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் ஊசி டெஸ்டின் ஸ்லைடுகளை இன்னொருவரிடம் காட்டிவிடு" என்பேன். உங்களை நான் நேரில் பார்க்கவில்லை, கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியனுப்பிய விவரங்களை வைத்துச் சொல்கிறேன். காரணத்தையும் விவரமாக எழுதுகிறேன், உங்கள் டாக்டர் எதிரில் உட்கார்ந்து நீங்களே கேள்வி கேட்க அது உதவும்.

தைராய்டில் கட்டி என்பது அபூர்வமான விஷயம் இல்லை. தொட்டுப் பார்த்தால் நூறு பேரில் ஐந்து பேருக்குத் தட்டுப்படும். ஸ்கேன் வைத்துத் தேடினால் வயது வந்தவர்களில் பாதிப்பேர் வரைகூட ஏதாவது ஒன்று தென்படும். அவற்றில் பெரும்பாலானவை புற்று கிடையாது. ஸ்கேனில் வந்த டை-ராட்ஸ் என்பது கட்டி எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று போடும் மதிப்பெண். டி.எஸ்.எச். என்பது தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. உங்கள் டி.எஸ்.எச். 2.1 என்பது நல்ல அளவு. அதாவது சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறது. நம் ஊரில் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று மாத்திரை சாப்பிடுபவர்களின் பிரச்சினை வேறு, உங்களுடையது வேறு. அவர்களுக்குச் சுரப்பு குறைவு. உங்களுக்குச் சுரப்பு சரி, உள்ளே ஒரு கட்டி, அது என்ன கட்டி என்பதுதான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதில்தான் உங்கள் முடிவே இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

உங்கள் பக்கம் அரிசி மண்டியில் குத்தூசி பார்த்திருப்பீர்கள். மூட்டையைப் பிரிக்காமலே அதைக் குத்தி இழுத்தால் ஒரு பிடி அரிசி வரும். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து, என்ன ரகம், பழசா புதுசா என்று வியாபாரி சொல்லிவிடுவார். மூட்டையின் மறுபக்கம் ஒரு தையல் பிரிந்து அரிசி ஒழுகிக்கொண்டிருந்தால் அது அந்தக் குத்தூசிக்குத் தெரியாது. ஊசி டெஸ்டும் அப்படித்தான். ஊசியில் வருவது கட்டிக்குள் இருக்கும் கொஞ்சம் செல்கள். தைராய்டில் அதிகம் வரும் பாப்பிலரி வகைப் புற்றை அந்தச் செல்களின் முகத்தைப் பார்த்தே பெரும்பாலும் அடையாளம் சொல்லிவிடலாம். ஃபாலிகுலர் வகையில் அது முடியாது. சாதாரணக் கட்டியிலும் புற்றுக்கட்டியிலும் செல்கள் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைச் சுற்றியிருக்கும் உறையை அந்தச் செல்கள் எங்காவது கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கின்றனவா, பக்கத்து ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கின்றனவா என்பது மட்டும்தான் வித்தியாசம். மூட்டையை வெளியே எடுத்து, நாலு பக்கமும் திருப்பி, தையல் தையலாகப் பார்த்தால்தான் அது தெரியும்.

'பெதஸ்டா 4' என்பதற்கு இதுதான் அர்த்தம். அமெரிக்காவில் பெதஸ்டா என்ற ஊரில் 2007-இல் கூடிப் பேசி, ஊசி டெஸ்ட் ரிப்போர்ட்டுகளை ஆறு வகுப்பாகப் பிரித்தார்கள். இரண்டு என்றால் சாதாரணம். ஆறு என்றால் கிட்டத்தட்ட நிச்சயமாகப் புற்று. நான்கு நடுவில் நிற்கிறது. இந்த ரிப்போர்ட்டோடு அறுவை சிகிச்சைக்குப் போகும் நூறு பேரில் சராசரியாக முப்பது பேருக்குப் புற்று என்று வருகிறது, எழுபது பேருக்கு இல்லை. புற்றுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்த ஒரு வகைக் கட்டிக்கு, அது பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை என்று கண்டு, 2016-இல் புற்று என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். அதையும் உறையை முழுதாகப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

ஆக, உங்களுக்குச் செய்யப்போவது ஒரு பரிசோதனை. சிகிச்சையாகவும் அது முடிந்துவிடலாம். ஆனால் அடிப்படையில் பரிசோதனை. இப்படிப் பார்த்தால், முழுதா பாதியா என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடுகிறது. ஒரு மூட்டையைச் சோதிக்கக் குடோனையே காலி செய்ய வேண்டியதில்லை.

முழுதாக எடுக்கச் சொன்ன டாக்டரையும் நான் தவறு சொல்ல மாட்டேன். புற்று என்று வந்து, அதுவும் ரத்தக்குழாய்களில் நிறைய நுழைந்திருந்தால், மீதிப் பாதியையும் எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த இரண்டாவது ஆபரேஷனைத் தவிர்க்க அவர் நினைக்கிறார். அது நேர்மையான காரணம்தான். ஆனால் புற்று வந்தாலே இரண்டாவது ஆபரேஷன் என்றில்லை. 4 செ.மீ.-க்குள் இருந்து, உறையைச் சற்றே தாண்டிய அளவில் இருந்தால் பாதி எடுத்ததோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட வழி. இரண்டாம் முறை மேசைக்கு வர வேண்டியவர்கள் சிலர்தான். அந்தச் சிலருக்காக, புற்றே இல்லாத எழுபது பேரும் தைராய்டை முழுதாக இழக்க வேண்டுமா?

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. தையல் வேலை செய்யும் ஒரு அம்மா. உங்களைப் போலவே ஒரு பக்கம் கட்டி, ஊசி ரிப்போர்ட்டும் இதே சொல். முழுதாக எடுத்தார்கள். நானும் உடன் நின்று கொக்கி பிடித்திருந்தேன். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: புற்று இல்லை. எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவருக்கு விரல்நுனி மரத்துப்போக ஆரம்பித்தது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. தைராய்டின் பின்புறம் அரிசிமணி அளவில், வெந்தய நிறத்தில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அவைதான். இரண்டு பக்கமும் எடுக்கும்போது அவற்றின் மெல்லிய ரத்த ஓட்டம் அறுந்திருக்கிறது. பல பேருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அவருக்குச் சரியாகவில்லை. தையல் மெஷின் டிராயரில் பாபின்களோடு கால்சியம் மாத்திரை அட்டையையும் வைத்திருப்பதாகவும், ஊசியில் நூல் கோக்கும்போது விரல் இழுத்துக்கொண்டால் உடனே ஒன்றை மென்றுவிடுவதாகவும் ஒவ்வொரு ரிவ்யூவிலும் சொல்வார். எத்தனையோ வருடமாகிவிட்டது, 'முழுதாக எடுத்துவிடலாம்' என்று யாராவது சுலபமாகச் சொன்னால் எனக்கு அந்த டிராயர்தான் ஞாபகம் வருகிறது.

பாதி மட்டும் எடுத்தால் இந்தக் கால்சியம் பிரச்சினை அநேகமாக இல்லை. மறுபக்கச் சுரப்பிகள் பத்திரமாக இருக்கும். தைராய்டு மாத்திரையும் எல்லோருக்கும் தேவைப்படாது. பாதி எடுத்தவர்களில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்குத்தான் வேண்டியிருக்கும். ஆறாவது வாரம் டி.எஸ்.எச். பார்த்து முடிவு செய்வார்கள். முழுதாக எடுத்தால் எல்லோருக்கும், ஆயுள் முழுக்க, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. அது ஒன்றும் பெரிய கொடுமை இல்லைதான், லட்சக்கணக்கானோர் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். இருந்தாலும் தேவையில்லாதவர்களுக்கு அதை ஏன் சுமத்த வேண்டும்? சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோஹர் என்ற அறுவை மருத்துவர் முழுத் தைராய்டையும் எடுத்த தன் நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். பலர் முகம் ஊதி, மந்தமாகிப் போயிருந்தார்கள். அந்த நாளில் மாத்திரை கிடையாது. 1883-இல் அதைத் தானே வெளிப்படையாக எழுதினார். தைராய்டு பற்றிய பணிக்காக 1909-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். முடிந்தவரை கொஞ்சம் சுரப்பியை விட்டுவைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவ்வளவு வயது.

சரி, உங்கள் குரல்.

குரல்நாணை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால்தான் போகிறது. பூக்கட்டும் நார் போல வெளுத்திருக்கும். தடிமன் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். வலப்பக்க நரம்பு நேரே குரல்வளைக்கு வருவதில்லை. கழுத்து வழியே இறங்கி, கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறி வருகிறது. ஆபரேஷனில் எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இந்த நரம்பைத் தேடிக் கண்ணால் பார்ப்பதற்கும், அதன் மேலிருந்து தைராய்டை இழை இழையாக விலக்குவதற்கும்தான் போகும். அனுபவமுள்ள கையில் நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது நூற்றில் ஒருவர் அளவில்தான். இன்னும் சிலருக்குச் சில வாரமோ மாதமோ குரல் கம்மி, பிறகு திரும்பிவிடும். பாதி எடுக்கும்போது ஒரு பக்க நரம்புக்கு மட்டும்தான் இந்த ஆபத்து. முழுதாக எடுத்தால் இரண்டுக்கும்.

உங்களுக்கு இன்னொரு நரம்பும் முக்கியம். சுரப்பியின் மேல்நுனியை ஒட்டி இன்னும் மெல்லியதாக ஒன்று போகிறது. அது குரலை உயர்த்தப் பயன்படுவது. அதற்கு அடி பட்டால் சாதாரணப் பேச்சில் யாருக்கும் தெரியாது. ஆனால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி வாய்ப்பாடு சொல்லித்தரும்போது, பிள்ளைகளோடு பாட்டுப் பாடும்போது, மதியத்துக்குள் குரல் களைத்துப்போகும். அதனால் முதல் நாளே டாக்டரிடம், "நான் டீச்சர், நாள் முழுக்கப் பேசித்தான் என் பிழைப்பு, மேல் நரம்பையும் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டால் எந்த நல்ல சர்ஜனும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆபரேஷனுக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாண் இரண்டும் சரியாக அசைகிறதா என்று பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வருடத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறார் என்று கேளுங்கள். ஆண்டுக்கு 25-க்கு மேல் செய்பவர்களிடம் சிக்கல்கள் குறைவு என்று அமெரிக்கத் தரவுகளை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கென்றே துறைகள் இருக்கின்றன. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.-யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்குத் தனித் துறையே உண்டு. உங்கள் ஊர்ப் பக்கமே நிறையச் செய்பவர் இருந்தால் அவரே போதும். கட்டிடத்தின் பெயரைவிடக் கையின் பழக்கம்தான் முக்கியம்.

உங்கள் தம்பி அனுப்பிய கட்டுரைக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மை. தென்கொரியாவில் 1999-இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தபோது, கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தால் தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. 2011-க்குள் தைராய்டு புற்று கண்டுபிடிப்பது 1993-இல் இருந்ததைப்போலப் பதினைந்து மடங்கு ஆகிவிட்டது. இறப்பு எண்ணிக்கை அசையவே இல்லை. அத்தனை பேர் கழுத்தைத் திறந்தும் ஓர் உயிர்கூடக் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டதாகத் தெரியவில்லை என்றால், அந்தப் புற்றுகளில் பல வாழ்நாள் முழுக்கச் சும்மா கிடந்திருக்கும் என்றுதானே அர்த்தம். ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனையில் டாக்டர் மியாவுச்சியின் யோசனைப்படி 1993 முதலே இப்படிப்பட்ட சிறு புற்றுகளை வெட்டாமல் கவனித்து வந்தார்கள். 1,235 பேரைப் பற்றி 2014-இல் எழுதினார்கள்: பத்து வருடத்தில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது, நான்கு பேருக்கும் குறைவாகக் கழுத்து நெறிக்கட்டிக்குப் போனது, அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. தைராய்டு மருத்துவத்தையே மாற்றிய வேலை இது. என் நோயாளிகள் சிலரையும் நான் இப்படித்தான் கத்தி இல்லாமல் பார்த்துவருகிறேன்.

ஆனால் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் பாப்பிலரி வகையை. என்ன நோய் என்று பெயர் தெரியும், மெதுவாகப் போகும் குணமும் தெரியும். உங்கள் கட்டி 2.8 செ.மீ., அதன் பெயரே இன்னும் தெரியாது. ஃபாலிகுலர் புற்று போக நினைத்தால் நெறிக்கட்டிக்குப் போகாமல் ரத்தம் வழியாக எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகும் வகை. அது கழுத்து ஸ்கேனில் தெரியாது. அதனால்தான் ஜப்பான் கணக்கை உங்களுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. வயது எண்பது, இதயம் பலவீனம் என்றிருந்தால் நானே பொறுத்திருக்கச் சொல்வேன். நீங்கள் 41, ஆரோக்கியமாக இருக்கிறீர்கள்.

சூடு வைத்துக் கரைக்கும் முறை ஏமாற்று இல்லை. புற்று இல்லை என்று உறுதியான கட்டிகளுக்கு நல்ல வழிதான், ஒரு வருடத்தில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கும். உங்களுக்கு அது பொருந்தாது. கரைத்துவிட்டால் உறையைப் பார்க்க மூட்டையே இருக்காது.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். அவர் தலைமுறையில் கட்டி முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள், ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கத்தி பட்டதால்தான் என்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தோன்றியது நியாயம். அவருக்குத் தெரிந்த யாரோ ஒருவர் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பார். யார் என்று கேளுங்கள், முழுதாகச் சொல்லவிடுங்கள். பிறகு, உறையைக் கிழிக்காமல் பாதிச் சுரப்பியோடு சேர்த்து முழுசாக எடுப்பதுதான் இந்த ஆபரேஷன் என்று சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

முட்டைக்கோஸ் சாப்பிடலாம், சமைத்துச் சாப்பிடும் அளவில் அதனால் ஒன்றுமில்லை. இந்துப்பை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அதில் போதிய அயோடின் கிடையாது. கட்டிக்கு நல்லது என்று நினைத்து, ப்ளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கும் சேர்த்து அயோடினைக் குறைத்துவிட்டீர்கள். சாதாரண அயோடின் உப்புக்குத் திரும்புங்கள்.

இப்போது நாள் குறிப்பது பற்றி. ஏப்ரல் வரை பொறுப்பதால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. இது வாரக்கணக்கில் ஓடும் நோய் இல்லை. பரீட்சை முடியட்டும், ஏப்ரல் கடைசியில் வைத்துக்கொண்டால் மே மாதம் முழுக்கக் குரலுக்கு ஓய்வு. ஜூனில் பள்ளி திறக்கும்போது வகுப்புக்குப் போய்விடலாம். இடையில் கட்டி திடீரென்று பெரிதானாலோ, சளி இல்லாமலே குரல் கம்மினாலோ, சோறு விழுங்கும்போது தடுத்தாலோ, மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டினாலோ, ஏப்ரலுக்குக் காத்திருக்காதீர்கள். கணவரை ஆபரேஷன் நாளுக்குக் கூப்பிட வேண்டாம், அன்று நர்ஸ்கள் இருப்பார்கள். ரிப்போர்ட் வரும் நாளை ஒட்டி லீவு போடச் சொல்லுங்கள், அன்றுதான் பக்கத்தில் ஆள் வேண்டும். மேசையில் வைத்தே அவசர டெஸ்ட் செய்து சொல்லிவிடுவோம் என்று யாராவது சொன்னால் அதை நம்பி முழு ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உறையைச் சுற்றிலும் பார்க்காமல் இந்த வகையில் உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பல பெண்கள் கடைசி நிமிடத்தில் இதற்குத்தான் அழுகிறார்கள். கழுத்தில் செய்யும் ஆபரேஷன் என்பதால் தாலியைக் கழற்றச் சொல்வார்கள். தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றை மட்டும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு வாருங்கள். என் நோயாளிகள் நிறையப் பேர் அப்படித்தான் வருகிறார்கள். தழும்பு கழுத்து மடிப்பிலேயே ஐந்து செ.மீ. அளவில் இருக்கும், ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. ஸ்கேன் ரிப்போர்ட்டில் இடப்பக்கமும் கழுத்து நெறிக்கட்டிகளும் சுத்தமாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதற்காகவே மறுபடி ஒரு ஸ்கேன் எடுங்கள். இடப்பக்கமும் சந்தேகமான கட்டி இருந்தால் முழுதாக எடுக்கச் சொன்ன டாக்டர் சொல்வதே சரியாகிவிடும். அடுத்து, ஊசி டெஸ்ட் செய்த லேபில் போய் ஸ்லைடுகளைக் கேளுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், கண்ணாடி உடையாத டப்பாவில் வாங்கி, தைராய்டு ஸ்லைடுகள் நிறையப் பார்க்கும் ஒரு பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இரண்டு நல்ல நிபுணர்களே வேறுபடுவதுண்டு. அவர் மூன்று, அதாவது தெளிவாகச் சொல்ல முடியாத வகுப்பு, என்று சொன்னால், மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை ஊசி போட்டுப் பார்க்கலாம், கத்தியைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். இரண்டு என்று சொன்னால் அந்த ரிப்போர்ட்டை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், அவசரமே இல்லை. நான்குதான் என்று அவரும் சொன்னால், ஏப்ரல் கடைசிக்கு நாள் வாங்குங்கள்.